நெக்ஸ்ட் நைனார்

செஞ்சிக் கடைவீதியில் வந்து வாசுபூஜ்யன் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நெக்ஸ்ட் நைனார் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடையில் தம்ளர் கழுவுகிறவன்கூடக் கையைக் காட்டுவான். எங்கள் பக்கத்தில் சமணர்களை நைனார் என்றுதான் கூப்பிடுவோம். அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்ட இங்கிலீஷ் வார்த்தைக்குப் பாதிக் காரணம் டாக்டர் தேவநாதன், மீதிப் பாதி நைனாருடைய பிடிவாதம். ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இவ்வளவு பட முடியுமா என்று கேட்காதீர்கள். பட்டார். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். என் வாடகை சைக்கிள் கடையும் டாக்டரின் ஆஸ்பத்திரியும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

டாக்டர் வந்தது அறுபத்தொன்றாம் வருஷம். வந்த புதிதில் அது ஆஸ்பத்திரியாகவா இருந்தது? சந்தை. நாக்கை நீட்டிக்கொண்டு நாலு பேர் ஒரே சமயத்தில் மேஜையைச் சுற்றி நிற்பார்கள். டாக்டர் ஒருவன் கையைப் பிடித்து நாடி பார்க்கும்போது இன்னொருவன் தன் வயிற்றுவலியைச் சொல்லிக்கொண்டிருப்பான். வலுத்தவன் முன்னால் போவான், இளைத்தவன் என் கடை பெஞ்சில் வந்து உட்காருவான். மண்டகப்பட்டிலிருந்து ஒரு கிழவி காய்ச்சலோடு வந்து, காலையிலிருந்து என் பெஞ்சிலேயே கிடந்து, டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு போனபிறகு எழுந்து பஸ்ஸுக்குப் போனாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவள் வரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் நான் சத்தம் போட்டால் என்னைத்தான் ஏசுவார்கள், உன் பெஞ்சா ஆஸ்பத்திரி பெஞ்சா என்று.

அந்தக் கிழவியை நைனாரும் பார்த்தார். அப்போது அவர் மணிலாக்கொட்டை மண்டியில் மூட்டை நிறுத்துப் போட்டு, தோள்பட்டை விட்டுப்போய், வேலையில்லாமல் என் கடையில் வந்து உட்கார்ந்திருந்த காலம். நெட்டையான ஆள், ஒடிசல், சட்டை எப்போதும் வெள்ளை. குரல் மட்டும் ஆளுக்குப் பொருந்தாத கனம். டாக்டருக்கு வாசலில் நிற்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, நான்தான் இவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஒருத்தர் வெளிய வந்ததும் நெக்ஸ்ட்னு சத்தமா சொல்லுங்க. அது போதும்" என்றார் டாக்டர்.

"அதுக்கு இன்னா அர்த்தம்ங்க?"

"அடுத்தவங்க வாங்கன்னு அர்த்தம்."

"அதையே சொல்லிட்டாப் போவுது."

டாக்டர் சிரித்துக்கொண்டு, சொல்லிப் பாருங்களேன் என்றார். நைனார் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், "அடுத்தவங்க வாங்க" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் மொத்தமாக எழுந்தார்கள். நான்தான் அடுத்தவன், நான் விடியக்காலையிலேயே வந்தவன், நான் டாக்டருக்குச் சொந்தம் என்று ஆளுக்கொரு நியாயம். நைனார் எல்லோரையும் திரும்ப உட்காரவைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, "நெக்ஸ்ட்" என்றார். ஒருவரும் அசையவில்லை. வார்த்தை புரியாததால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஓரத்தில் யார் முதலில் உட்கார்ந்திருந்தானோ அவன் மட்டும் பயந்துகொண்டே எழுந்து உள்ளே போனான். நைனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வயசுக்கு அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றையிலிருந்து ஆரம்பித்தது எனக்குத் தொல்லை. நான் பத்தாவது வரை படித்து ஃபெயில் ஆனவன், ஆகையால் அவருக்கு நான்தான் இங்கிலீஷ் வாத்தியார். டியூபில் சொல்யூஷன் தடவிக்கொண்டிருக்கும்போது வந்து நிற்பார். "பாலு, இந்த நெக்ஸ்ட்ட வேற எங்கெல்லாம் சொல்வாங்க?"

"நெக்ஸ்ட் வீடுன்னா பக்கத்து வீடு. நெக்ஸ்ட் மாசம்னா வர்ற மாசம். நெக்ஸ்ட் பஸ்னா அடுத்த பஸ். போதுமா? காத்து அடிக்கணும், தள்ளு."

போய்விட்டு மறுநாள் வருவார். "நெக்ஸ்ட் பஸ்னு சொல்லணும்னா முன்ன நின்ன பஸ் கெளம்பிப் போயிருக்கணும், இல்லியா? அது நிக்கிற வரைக்கும் பின்னால நிக்கிறது சும்மா ஒரு பஸ்ஸு. அவ்ளோதான்."

"ஆமாம்யா."

"அப்ப பெஞ்சில ரெண்டாவதா உட்கார்ந்திருக்கிறவன் நெக்ஸ்ட் இல்ல. முதல்ல இருக்கிறவன் எழுந்தாத்தான் அவன் நெக்ஸ்ட்."

இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் அதைச் சொல்லிவிட்டு, மண்டகப்பட்டுக் கிழவி பேரைச் சொன்னார். முதல் நாள் யாரோ அவளைக் கொஞ்சம் பின்னால் தள்ளினான், அதோடு எல்லோருக்கும் அவளைத் தள்ளலாம் என்று ஆகிவிட்டது, ஒருதரம் ஓரம் கட்டிவிட்டால் அப்புறம் அந்த ஆள் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான் என்றார். நான் பம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு அந்த வாசலில் அவர் வைத்ததுதான் சட்டம். மேல்மலையனூர்ப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் வில்வண்டியில் வந்து இறங்கி நேரே அரைக்கதவில் கைவைத்தபோது, "உட்காருங்க. கூப்பிடறேன்" என்றார். பண்ணையார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நைனார் நகரவில்லை. உள்ளேயிருந்து டாக்டரும், உட்காருங்க என்று சொல்லிவிட்டார். பண்ணையார் என் பெஞ்சில், ஒரு மாட்டுக்காரனுக்குப் பின்னால், துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கடைத்தெருவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சவரக் கடையிலும் ரேஷன் கடையிலும் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. பாம்புக்கடி, பிரசவ வலி, விஷம் குடித்தது, இவையெல்லாம் நேரே உள்ளே. "அதுக்கெல்லாம் நெக்ஸ்ட் கெடையாது" என்று அவரே கதவைத் திறந்து பிடித்துக்கொள்வார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நைனார்கள் பொழுது சாய்ந்தபிறகு சாப்பிட மாட்டார்கள். விளக்கு வைத்தபின் ஒரு பிடி சோறு கிடையாது. எங்கள் ஊரில் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய் ஒளிந்துகொள்ளும். வெயில் மலை உச்சியில் ஏறியதும் இவர் வீட்டுக்கு ஓடுவார், அந்த நேரத்துக்கு வாசலில் நான் நிற்க வேண்டும். "மலைக்கு அந்தாண்ட இன்னும் சூரியன் இருக்குதுய்யா, மெதுவாப் போ" என்பேன். "எனக்குத் தெரியிற சூரியன்தான் எனக்குச் சூரியன்" என்று சொல்லிக்கொண்டே போவார். நான் நின்று நெக்ஸ்ட் என்றால் ஒருவன் மதிக்க மாட்டான். இடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். அவர் திரும்பி வந்து என்னைத் திட்டுவார்.

இனி வீட்டு விஷயம். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் லீலாவதி, இளையவள் பத்மினி. லீலாவதிக்குச் சின்ன வயசில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு, இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. பார்வை இருந்தது, ஆனால் அந்தக் கண்ணில் சும்மாவே தண்ணீர் வடியும். தலைப்பால் ஒற்றிக்கொண்டே பேசுவாள். புத்திசாலி. வீட்டை அவள்தான் நடத்தினாள், அவள் அம்மா ஜீவரத்தினம் ஒரு அப்பாவி. பத்மினி பார்க்க லட்சணம். நைனார் சமூகம் எங்களைப் போலக் கடல் இல்லை. நாலைந்து தாலுக்காவுக்குள் இருக்கும் வீடுகளுக்குள்ளேயே பெண் கொடுத்து, பெண் எடுத்து முடித்துவிடுவார்கள். ஒரு மாப்பிள்ளையைத் தவறவிட்டால் இன்னொருவன் தெருவில் நடந்துபோகிறான் என்று சொல்ல முடியாது.

அவலூர்பேட்டையில் தானியக் கடை வைத்திருந்த குடும்பம். பையன் பெயர் மகாவீரன். லீலாவதியைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது பத்மினி. பையன் யாரைப் பார்த்தான் என்று சொல்ல வேண்டுமா? ஒரு வாரத்தில் தகவல் வந்தது. சின்னப் பெண்ணைக் கொடுப்பதாக இருந்தால் கை நனைக்கிறோம் என்று.

நைனார் மறுத்துவிட்டார். பெரியவளுக்கு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். பெரியவளுக்கு முன்னால் சின்னவளைக் கொடுப்பது எங்கள் சாதியிலும் கௌரவம் இல்லைதான். ஆனால் வீட்டுக்கு வீடு ஏதோ ஒரு வழி பண்ணிக்கொள்வார்கள், கோயிலில் வைத்து முடிப்பார்கள். இவர் அப்படி எதற்கும் சம்மதிக்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் அவலூர்பேட்டைக்காரர்கள் காத்திருந்தார்கள். அந்தப் பையனுக்கு மனசு அங்கேயே இருந்தது. பத்மினிக்கும் இருந்தது. அவலூர்பேட்டை பஸ் வருகிற நேரத்துக்கு அவள் தண்ணீர்க் குடத்தோடு தெருமுனைக்கு வருவதை நானே பார்த்திருக்கிறேன். அவன் எப்போதாவது வருவான், என்னிடம் சைக்கிள் எடுப்பான், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான். பேசவெல்லாம் மாட்டார்கள். அந்தக் காலத்தில் அவ்வளவுதான்.

லீலாவதியைப் பார்க்க இன்னும் இரண்டு மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அடுத்த வருஷம் அவலூர்பேட்டையிலிருந்து மறுபடியும் ஆள் வந்தது. அன்றைக்கு மத்தியானம் லீலாவதி என் கடைக்கு வந்தாள். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார், நைனார் உள்ளே மருந்து பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நைனாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

"இன்னாம்மா சொல்லணும்?"

"தங்கச்சிய அவலூர்பேட்டைக்குக் குடுத்துடச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, நெசமாவே சொல்றேன். நான் உட்கார்ந்துகினு இருக்கிறதால அவ நிக்கிறா. ராத்திரியில அவ பக்கத்துல படுத்துக்கவே எனக்குக் கூச்சமா இருக்குது."

கண்ணை ஒற்றிக்கொண்டாள். அழுகிறாளா, சும்மா வடிகிறதா என்று அவளிடம் எப்போதும் தெரியாது. சரிம்மா, நான் பேசுறேன் என்று அனுப்பிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சுருக்காக வரும். நிதானமாகத்தான் ஆரம்பித்தேன்.

"நைனாரே, அந்தப் பையன் ரெண்டாந்தரம் கேட்டிருக்கிறான். மூணாந்தரம் கேக்க அவனுக்கு இன்னா தலையெழுத்தா?"

"பெரியவ இருக்கிறா பாலு."

"அவளே சொல்றாய்யா, குடுத்துடுன்னு."

"சொல்வா. பெஞ்சில உட்கார்ந்த கெழவி சொல்லல, நீங்க போங்க, நான் அப்புறம் போறேன்னு? அதுக்காக விட்டுட்டமே, இன்னா ஆச்சு? இவள இன்னிக்கி ஓரம் கட்டிட்டன்னு வெச்சுக்க, நாளைக்கி அந்த வீட்ல பெரிய பொண்ணு ஒண்ணு இருக்குதான்னு எவனும் கேக்க மாட்டான். என் பொண்ண நானே தள்ளணுமா?"

"பாம்பு கடிச்சவனுக்கு நெக்ஸ்ட் கெடையாதுன்னு நீதானே சொல்றே? இங்க மட்டும் இன்னா?"

"யாரப் பாம்பு கடிச்சிருக்குது? பத்மினி நல்லாத்தானே இருக்கிறா. முன்னால இருக்கிறவ எழுந்தாத்தான் அவ நெக்ஸ்ட்."

இந்த இடத்தில்தான் எனக்குக் கட்டுக்கடங்காமல் போயிற்று. "முன்னால நிக்கிற பஸ் பிரேக்டவுன் ஆயிட்டா, பின்னால இருக்கிற பஸ் ஒதுங்கிப் போவாதா? அதுவும் அங்கியே கெடந்து துரு புடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

நைனார் கையிலிருந்த பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"என் பொண்ணு பிரேக்டவுன் பஸ்ஸா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல மாதம் என்னோடு பேச்சு கிடையாது. சாயங்காலம் சாப்பிடப் போகும்போதுகூட வாசலை எனக்குக் கொடுக்காமல் கம்பவுண்டரை நிற்கவைத்துவிட்டுப் போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். நான் கேட்டதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவலூர்பேட்டைக்காரர்களுக்கும் அதே பதில் போயிற்று. பத்மினி தண்ணீர்க் குடத்தோடு தெருமுனைக்கு வருவது நின்றது.

அந்த மழைக்காலத்தில் மேல்சித்தாமூரில் சமணப் பெண் துறவிகள் சிலர் வந்து தங்கியிருந்தார்கள். மாதாஜி என்று சொல்வார்கள். வெள்ளைப் புடவை, கையில் மயிற்பீலி, வண்டி வாகனம் ஏறாமல் நடையாகவே ஊர் ஊராகப் போகிறவர்கள். மழை மாதங்களில் மட்டும் ஓரிடத்தில் இருப்பார்கள். ஜீவரத்தினமும் லீலாவதியும் அவர்களுக்குப் பணிவிடை செய்யப் போனார்கள். அம்மா மட்டும் திரும்பி வந்தாள். பெண் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறாள் என்றாள். கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போயிற்று. நைனார் ஒருதரம் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார், வரவில்லை.

மழை ஓய்ந்தபின் ஒரு காலையில் ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். மலேரியாக் காய்ச்சல் சமயம். என் பெஞ்சில் கடைசியாக ஒரு பெண் வந்து முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் ஏதோ காய்ச்சல்காரி என்று நினைத்தேன். வரிசை நகர நகர அவளும் நகர்ந்தாள். நைனார் அவர் பாட்டுக்கு ஒவ்வொருவரையும் அனுப்பிக்கொண்டிருந்தார். முன்னால் இருந்தவன் மருந்துச் சீட்டோடு வெளியே வந்தான்.

"நெக்ஸ்ட்" என்றார்.

அவள் எழுந்து முக்காட்டை எடுத்தாள். லீலாவதி. நைனார் அரைக்கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"உடம்புக்கு இன்னாம்மா?"

"ஒண்ணும் இல்ல நைனா. அவங்களோட போறேன். தீட்சை வாங்கிக்கப் போறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"வீட்டுக்கு வந்து சொல்லக் கூடாதா?"

"வீட்ல சொன்னா நீ ஒத்துக்க மாட்டே. இங்க நீ தடுக்க மாட்டே." கண்ணை ஒற்றிக்கொண்டாள். "நான் எழுந்துட்டேன் நைனா. தங்கச்சியக் கூப்பிடு."

குனிந்து அவர் காலைத் தொட்டாள். பிறகு படி இறங்கிப் போனாள். பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளேயிருந்து டாக்டர், யாருங்க அடுத்தது என்று இரண்டு தரம் கேட்டார். நைனார் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் எழுந்துபோய் அவர் கையை அந்தக் கதவிலிருந்து எடுத்தேன். அன்றைக்குத்தான் எங்களுக்குள் பேச்சு திரும்ப ஆரம்பித்தது. பேச்சு என்ன பேச்சு, "போயிட்டா பாலு" என்றார், "ஆமாம்" என்றேன்.

மறுநாளே அவர் அவலூர்பேட்டைக்குப் பஸ் ஏறினார். மாலையில் திரும்பி வந்து என் கடையில் உட்கார்ந்தார். வெயில் மலை உச்சிக்கு ஏறி, மறைந்தும் போயிற்று. சாப்பிடப் போகவில்லை.

"ஆவணியிலியே முடிஞ்சிடுச்சாம். வந்தவாசிப் பக்கம் பொண்ணாம். தாம்பாளத்துல வெத்தல பாக்கு வெச்சிக் குடுத்தாங்க. மரியாதையாத்தான் பேசினாங்க."

கையிலிருந்த டியூபை வைத்துவிட்டு நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு பத்மினிக்கு இடம் பார்க்காமல் இல்லை. நாயாக அலைந்தார். சிலர், மூத்தவள் துறவு போன வீடு, அங்கே என்ன மனக்கஷ்டமோ என்று தயங்கினார்கள். சிலரை முன்பு லீலாவதிக்காகக் கேட்டு அவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், மறுபடி போய்ச் சின்னவளைச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. பிறகு ஒருவன் சரி என்று வந்தபோது பத்மினியே வேண்டாம் என்றுவிட்டாள். அவள் அப்பாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். இவரும் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டு வருவார். அந்த வீட்டில் வெளிச்சம் இருக்கும்போதே எல்லாம் அடங்கிவிடும்.

லீலாவதிக்கு இது எதுவும் தெரியாது. காஞ்சிபுரம் போய், அங்கிருந்து மைசூர்ப் பக்கம் போய், தீட்சை ஆகி, பெயரும் மாறிவிட்டது என்று கேள்வி. தங்கைக்கு முடிந்திருக்கும், இந்நேரம் கையில் ஒரு குழந்தைகூட இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். துறவு போனவளுக்கு வீட்டுச் சேதி போகக் கூடாது என்று நைனார் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். அது சாஸ்திரமா, இல்லை அவருடைய பயமா என்று நான் கேட்கவில்லை.

அறுபத்தேழில், மாசி மாதம் என்று ஞாபகம், அந்த மாதாஜிகள் கூட்டம் திருவண்ணாமலை ரோடு வழியாக நடந்து செஞ்சிக்கு வந்தது. லீலாவதியும் அதில் இருக்கிறாள் என்று முதல்நாளே தெரிந்துவிட்டது. நைனார் டாக்டரிடம் லீவு சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "நீயும் வாசல்ல வந்து நில்லு பாலு. எனக்குக் கை கால் ஓட மாட்டேங்குது" என்றார்.

அவர்களுக்கு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பாடு, தண்ணீரும் அப்போதுதான். வீட்டுக்காரர்கள் குளித்து மடியாக, கலசம் ஏந்தி வாசலில் நின்று அழைப்பார்கள். அவர்களாகப் பார்த்து ஒரு வீட்டுக்குள் போவார்கள். உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து நீட்டுவார்கள். வீட்டுக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து அந்தக் கையில் சோற்றை வைக்க வேண்டும். நடுவில் சோற்றில் ஒரு முடி கிடந்தாலோ, அழுகைச் சத்தம் கேட்டாலோ, அவர்கள் கண்ணிலேயே துக்கத்தில் தண்ணீர் வந்தாலோ, அதோடு கையை எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு அதற்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. மறுநாள்தான். இதையெல்லாம் நைனார் எனக்குச் சொன்னார், வீட்டில் இருந்தவர்களுக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஒருத்தரும் அழக் கூடாது. ஜீவரத்தினம், உனக்குத்தான் சொல்றேன். அழுதியானா புள்ள பட்டினியாப் போவும்."

பிறகு பத்மினியிடம் திரும்பினார். வருஷக் கணக்கில் அவர் அவளிடம் நேராகப் பேசியது அன்றைக்குத்தான் இருக்கும். "தலப்ப கழுத்தோட இழுத்துப் போத்திக்கோம்மா. அவ பாக்க வாணாம்." பத்மினி அவரை ஒரு பார்வை பார்த்தாள். போர்த்திக்கொண்டாள்.

வரிசையையும் அவர்தான் வைத்தார். முதலில் அம்மா, அடுத்து பத்மினி, கடைசியில் அவர். வாசலில் நிற்கிறவன் கடைசியில்தான் போக வேண்டும் என்றார்.

லீலாவதி வந்தாள். தலைமயிர் இல்லை, உடம்பு பாதியாகியிருந்தது. தழும்பு முகம் மட்டும் அதே முகம். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தவள், மற்ற வீடுகளைத் தாண்டி இவர்கள் வாசலில் நின்றாள். உள்ளே போனாள். நான் தெருப்படியிலேயே நின்றேன், கதவு திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. அவள் உட்கார்ந்து கையைக் குவித்தாள்.

ஜீவரத்தினம் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு சோற்றை வைத்தாள். அழவில்லை. லீலாவதி அதை மென்று விழுங்கிவிட்டு மறுபடி கையை நீட்டினாள். பத்மினி போனாள். ஒரு கையில் தட்டு, மறு கையில் சோறு, போர்த்திய தலைப்பைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? குனிந்தபோது அது தோளிலிருந்து நழுவி விழுந்தது. வெறுங்கழுத்து. ஒரு மஞ்சள் கயிறுகூட இல்லை.

லீலாவதி நிமிர்ந்து அந்தக் கழுத்தைப் பார்த்தாள். பிறகு தங்கை முகத்தைப் பார்த்தாள். பத்மினியும் பார்த்தாள். கையில் சோறு இருக்கும்போது பேசக் கூடாது. அந்த வீட்டில் ஒருவரும் அழவில்லை, நான் சத்தியமாகச் சொல்வேன். லீலாவதியின் கண்ணில்தான் தண்ணீர் வந்தது. இடது கண் சும்மாவே வடிகிற கண், அதை விட்டுவிடலாம். வலது கண்ணிலும் வந்தது.

அவள் குவித்த கைகளைப் பிரித்தாள். பத்மினி வைத்த சோறு அப்படியே கீழே விழுந்தது. மயிற்பீலியை எடுத்துக்கொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல், என்னைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனாள்.

நைனார் தன் பங்குச் சோற்றைக் கையில் ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் நெக்ஸ்ட்.